பிலோமினாவுக்குக் கிளம்ப நேரமாகும்

செப்டம்பர் 1, வெள்ளி

ஆய்வகக் குறிப்பேட்டில் இன்றைக்கு நான் எழுதியது இரண்டே வரி. "செல்களுக்குத் திரவம் மாற்றப்பட்டது. வளர்ச்சி நன்று." அந்த நோட்டில் அவ்வளவுதான் எழுதலாம். யார் வந்தார், மழை பெய்ததா, மனசு என்ன சொன்னது என்றெல்லாம் எழுதினால் எங்கள் துறைத் தலைவர் நீலமேகம் சார் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். மிச்சத்தைக் கொட்டத்தான் இந்த டைரி.

மாதத்தின் முதல் வெள்ளி என்பதால் சவரிமுத்து மாஸ்டர் வந்தார். முதல் வெள்ளிப் பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராக எங்கள் ஆய்வகத்துக்கு வருவது அவர் வழக்கம். தென்னூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே நாங்கள் கொடுக்கும் பிளாஸ்டிக் உறையைக் காலில் மாட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் சட்டையில் சாம்பிராணி வாசம் இருக்கும்.

அவர் வருவது மனைவியைப் பார்க்க. பிலோமினா உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆபரேஷனில் எடுத்த கட்டியிலிருந்து ஒரு கடுகளவு துணுக்கை, அந்த அம்மாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதியோடு, நான் வாங்கி வளர்த்தேன். இப்படி வளர்ப்பவை பெரும்பாலும் சில வாரங்களில் செத்துப்போகும். இது சாகவில்லை. இளஞ்சிவப்பு ஊட்டத் திரவம் ஊற்றிய குடுவையில், உடம்புச் சூடு வைத்த இன்குபேட்டருக்குள், இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறது. புகையிலை, வெற்றிலை, மது எதையும் தொடாத பெண்மணி அவர். அடுப்பிலிருந்து இறக்கிய டீயை ஆற்றாமல் குடிப்பது ஒன்றுதான் பழக்கம். அப்படிப்பட்டவருடைய செல்லில் எந்த மரபணு தறிகெட்டு ஓடியது என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. கோப்பில் அந்தச் செல்களுக்கு ஓர் எண் உண்டு. நானும் என் மாணவி ஃபர்ஹானாவும் 'பிலோக்கா' என்றுதான் சொல்வோம்.

மாஸ்டருக்கு இது தெரிந்ததே என் வாயால்தான். மனைவி இறந்த பிறகு ஏதோ சான்றிதழ் வாங்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவரை வராந்தாவில் பார்த்தேன். அன்றைக்குத்தான் குடுவை நிரம்பியிருந்தது. சந்தோஷத்தில், "உங்க மனைவி ரொம்ப நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். எங்களைப் போன்ற ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய பிசகு. மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் திக்கித் திணறி விளக்கி முடித்ததும், "பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

இன்று மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தவர், "கூட்டம் ஜாஸ்தியாயிருச்சே மேடம்" என்றார்.

"ஆமா மாஸ்டர். ரொம்ப வேகம்."

"அதான் ஆச்சரியம். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பணும்னா இவ வெளிய வர்ற வரைக்கும் நான் வாசல்ல பைக்க ஸ்டார்ட் பண்ணுவேன், அணைப்பேன், திரும்ப ஸ்டார்ட் பண்ணுவேன். நாங்க போய்ச் சேர்றப்ப பந்தில எலை எடுத்துக்கிட்டு இருப்பாங்க. இங்க வந்து இவளுக்கு என்னா சுறுசுறுப்பு!"

நாங்கள் மூவரும் சிரித்தோம். அப்புறம் வழக்கம்போல நானும் ஃபர்ஹானாவும் பக்கத்து அறைக்கு நகர்ந்துகொண்டோம். அவர் குடுவையிடம் தணிந்த குரலில் பேசுவார். என்ன பேசுகிறார் என்று நாங்கள் கேட்டதில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

டிரைவிங் வகுப்பு. "உங்களுக்கு நான் என்ன செய்யறது மேடம்" என்று மாஸ்டர் ஒரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் வண்டி ஓட்டக் கற்றுத்தருவதாக முடிவானது. நாற்பத்தாறு வயசில் எனக்கு இது தேவையா என்று கேட்பவர்களுக்குப் பதில் என்னிடம் இல்லை.

கொள்ளிடக்கரை ரோட்டில் மூன்றாவது கியருக்குப் போனதும் எதிரே ஒரு மாட்டு மந்தை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி தானாக நின்றது.

"கண்ணத் தொறங்க மேடம். பிரேக்கு என்கிட்டயும் ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

அவர் பக்கத்தில் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது. பத்து வகுப்புக்குப் பிறகும் அதை நான் மறந்துவிடுகிறேன். திரும்பி வந்து பூரி செய்தேன். நன்றாக உப்பியது. அவர் ஆறு சாப்பிட்டார்.

செப்டம்பர் 11, திங்கள்

பிலோக்காவைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரையை ஆய்விதழ் ஏற்கிறது! ஒரே ஒரு நிபந்தனை. இந்தச் செல்கள் இன்னாருடையவைதான் என்பதற்கு மரபணு அடையாளச் சோதனை செய்து அனுப்ப வேண்டுமாம். சம்பிரதாயம்தான். ஜாதகம் பார்க்காமல் பெண் எடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது. பிலோக்காவின் செல்லையும், ஆபரேஷனுக்கு முன்பு எடுத்துவைத்த அவருடைய ரத்தத்தையும் ஃபர்ஹானா கூரியரில் அனுப்பினாள்.

மாலையில் கடைக்குப் போய் இரண்டு சுடிதார் எடுத்தேன். வண்டி ஓட்டப் புடவை தோதுப்படவில்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

"மேம், டிரைவிங்குக்கு ஜரிகை பார்டரா?" என்றாள் ஃபர்ஹானா. ஆராய்ச்சியில் இந்தக் கவனம் இருந்தால் தேவலை.

செப்டம்பர் 19, செவ்வாய்

விடியற்காலை ஒரு கனவு. நான் யாருடைய தொண்டைக்குள்ளோ நடந்து போகிறேன். பயமே இல்லை. சுவரெல்லாம் வெள்ளம் வடிந்த ஆற்றுமணல் மாதிரி, ஈரமாக, வரிவரியாக இருக்கிறது. வரிகளுக்குள் செல்கள் ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு தூங்குகின்றன. மேலேயிருந்து டீ ஒரு சிற்றாறு போல இறங்கி வருகிறது. சுடவில்லை. முழங்கால் அளவு டீயில் நின்றுகொண்டு நான் ஏலக்காய் வாசத்தை முகர்ந்தேன். யாரோ வெளியே பைக்கை ஸ்டார்ட் செய்கிற சத்தம் கேட்டது. விழித்தால் பால்காரர் வண்டி.

செப்டம்பர் 27, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சோதனை முடிவு காலையில் வந்தது. பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்க வேண்டும். ரத்தத்தில் இரண்டு எக்ஸ். குடுவையில் வளர்வதில் ஒரு எக்ஸ், ஒரு ஒய். ஆணின் செல்.

ஃபர்ஹானா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "லேபிள் மாறியிருக்கும் மேம்" என்றாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். பிற்பகல் வரை இருவரும் அந்த ஒற்றை நம்பிக்கையில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் நான் முடிவின் மற்ற எண்களை ஆய்வகச் செல்களின் உலகப் பொதுப் பட்டியலில் போட்டுத் தேடினேன். உடனே பொருந்தியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் விலைக்கு வாங்கிய வெளிநாட்டுச் செல். நான் பிறப்பதற்கு முன்பே எங்கோ இதே நோயில் இறந்த ஒரு மனிதரின் உணவுக்குழாயிலிருந்து எடுத்தது. உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்கிறது. இன்குபேட்டரில் பிலோமினாவுக்கு அடுத்த தட்டில்தான் வைத்திருந்தோம்.

ஒரு துளி போதும். ஒரு குடுவைக்குப் போன உறிஞ்சு குழாய் தவறி இன்னொன்றுக்குள் போயிருந்தால் போதும். வேகமாகப் பெருகுவது மெதுவாகப் பெருகுவதை இடம் தெரியாமல் ஆக்கிவிடும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிய கதை. மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். யார் கை தவறியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நான் தேடப்போவதும் இல்லை.

பிலோமினா எப்போதோ போய்விட்டார். இரண்டு வருஷமாக நாங்கள் யாருக்கோ சோறு போட்டிருக்கிறோம். மாஸ்டர் யாரிடமோ பேசியிருக்கிறார்.

செப்டம்பர் 28, வியாழன்

நீலமேகம் சாரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார். அனுப்பிவிட்டேன். கண்டுபிடித்தோம் என்று நினைத்த மரபணு பிலோமினாவுடையதே இல்லை. மூன்று வருஷம் கரைந்தது. அழுதேன். ஃபர்ஹானாவின் முனைவர் பட்டமும் இதில்தான் தொங்குகிறது. அவள் அழவில்லை. எனக்கு டீ வாங்கி வந்து ஆற்றிக் கொடுத்தாள்.

அக்டோபர் 6, வெள்ளி

மாஸ்டர் வந்தார். சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"மேடம், வீட்ல மஞ்ச ரோசாச் செடி வச்சிருந்தா இல்ல, ரெண்டு வருசமா மொட்டே விடல. இன்னிக்குப் பூத்திருக்கு. மொதல்ல இவகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்" என்றபடி மைக்ரோஸ்கோப்பை நோக்கிப் போனார்.

நான் விலகி வழிவிட்டேன். குடுவையை நானே எடுத்து வைத்தேன். அடுத்த அறையில் நின்று கையைக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன்.

முடி வெட்டியிருந்தார். இதை எதற்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

வகுப்பு. பாலத்தில் ஏறும்போது மூன்று முறை வண்டியை அணைத்துவிட்டேன். பின்னால் லாரிக்காரர் ஹாரனில் திட்டினார்.

"மனசு வேற எங்கயோ இருக்கு மேடம் உங்களுக்கு" என்றார் மாஸ்டர்.

"ஆபீஸ் விஷயம்."

"கண்ணாடியப் பாருங்க. பின்னாடி என்ன வருதுன்னு தெரிஞ்சாத்தான் முன்னாடி போக முடியும்."

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கு எல்லாமே உபதேசம் மாதிரி வந்து விழுந்துவிடுகிறது. சொன்னேன். சிரித்தார். ஆற்றில் தண்ணீர் இருந்தது, வெயில் அதன்மேல் கிடந்தது, வண்டிக்குள் பேச்சே இல்லாமல் ரொம்ப தூரம் போனோம். இப்படியே போய்க்கொண்டிருந்தால் எதையும் சொல்ல வேண்டியிருக்காது என்று தோன்றியது.

அக்டோபர் 19, வியாழன்

ஃபர்ஹானா திரவ நைட்ரஜன் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது அடித்தட்டில் ஒரு குப்பி கிடைத்தது. என் கையெழுத்து. பிலோமினாவின் செல்களை வளர்க்க ஆரம்பித்த முதல் மாதத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று நான் உறையவைத்த குப்பி. அந்த வெளிநாட்டுச் செல் எங்கள் கட்டடத்துக்குள் வருவதற்கு வெகுநாள் முன்பு. அதில் இருப்பது பிலோமினாதான். வேறு யாருமாக இருக்க வழியில்லை.

ஒரே ஒரு குப்பி. உருக்கி எழுப்பினால் பிழைக்கலாம். பழசு என்பதால் மொத்தமும் செத்தும் போகலாம். செத்தால் வளர்வதற்கு அவரிடமிருந்து இனி எதுவும் கிடையாது. எழுப்பாமல் விட்டால் அந்தக் குளிரில் எங்கள் எல்லோருடைய காலத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கும்.

நீலமேகம் சாருக்குச் சந்தோஷம். "இன்னிக்கே எழுப்புங்க மங்கை. வருஷக் கடைசில ரெவ்யூ வருது. ஒரிஜினல் செல் இல்லன்னா புராஜெக்ட மூடிருவாங்க."

"ஒருத்தரக் கேக்கணும் சார்."

"யாரை? அனுமதிக் கையெழுத்து இருக்கே."

"இருக்கு சார். இருந்தாலும் கேக்கணும்."

என்னை உற்றுப் பார்த்தார். "நவம்பர் இருபது வரைக்கும்" என்றார். தங்கமான மனுஷன். மங்கையர்க்கரசி என்ற முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவர் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

அக்டோபர் 29, ஞாயிறு

வகுப்பு. இன்று சொல்ல நினைத்தேன். ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

நவம்பர் 3, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

நேற்று கல்லறைத் திருநாள். மாஸ்டரின் விரல்களில் மெழுகு சுட்ட தடம் இருந்தது. "நேத்து கல்லறையக் கழுவி, செவந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏத்தினேன் மேடம். சுத்தி எல்லாரும் அழுறாங்க. எனக்கு அழுகையே வரல. எப்படி வரும்? அவ இங்கல்ல இருக்கா" என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "மாஸ்டர், உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். இந்தத் தடவை பிரேக் போட என் பக்கத்தில் யாரும் இல்லை.

"இது பிலோமினா இல்ல" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். துளியை, பக்கத்துத் தட்டை, வேகத்தை, ஒய்யை. ரொம்ப நேரம் சொன்னேன் போலிருக்கிறது.  அவர் மேஜைமேல் இருந்த குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேருந்து?"

"தெரியல மாஸ்டர். நீங்க பாக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே இருக்கும்."

"ஆம்பளையா?"

"ஆமா."

"ஐயோ" என்றார். முகம் ஒரு மாதிரி கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். "என்னென்னவோ சொல்லி வச்சிருக்கேனே அந்தாள்கிட்ட."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவரு பேரு என்ன மேடம்?"

"பேரு கெடையாது மாஸ்டர். நம்பர்தான். செத்துப் பல வருஷம் ஆச்சு."

"அவரப் பாக்க யாராவது வர்றாங்களா? அந்த ஊர்ல, லேபுக்கு?"

அப்படி ஒரு கேள்வி என் படிப்பில் எங்கும் வந்ததில்லை.

குப்பியைப் பற்றியும் சொன்னேன். எழுப்பினால் என்ன ஆகலாம், எழுப்பாவிட்டால் என்ன ஆகும் என்று. "நீங்க சொல்றதுதான்" என்றேன். "வேணாம்னா, தொட மாட்டேன்." நீலமேகம் சாரிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று அப்போது நினைக்கவே இல்லை. சொன்ன சொல்லில் நிற்பேன் என்று மட்டும் தெரிந்தது.

அவர் எழுந்தார். கால் உறையைக் கழற்றி மடித்துக் கூடையில் போட்டார். செருப்பை மாட்டும்போது, "ஞாயித்துக்கெழம பாக்கலாமா மாஸ்டர்?" என்றேன்.

"வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கேன் மேடம்."

நவம்பர் 5, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருக்கும் ஒர்க்‌ஷாப்பை நான் கேள்விப்பட்டதில்லை. பூரி எண்ணெய் குடித்துவிட்டது. ஒரு ஆளுக்குச் செய்தால் அப்படித்தான்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

ஆய்வகத்தில் யாரும் இல்லை. செல்களுக்குப் பண்டிகை கிடையாது என்பதால் நான் போனேன். வெளியே வெடிச்சத்தம். உள்ளே இன்குபேட்டரின் முனகல் மட்டும்.

தப்பான குடுவைகளை எல்லாம் அழித்துவிடச் சொல்லி நீலமேகம் சார் என்றைக்கோ சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் அழித்தேன். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். மாஸ்டர் பேசிய குடுவை. அதற்குப் பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினேன். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், கூட்டமாக, அவசரமாக, எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஓடும் ஜனங்கள். "இன்னிக்கு எங்க ஊர்ல தீபாவளிங்க" என்று சொன்னேன். பைத்தியக்காரி என்று நினைக்க அங்கே ஆள் இல்லை.

குடுவையில் இருக்கும் இந்த மனிதர் என்னென்ன கேட்டிருப்பார்! ரோஜா பூத்தது, வீட்டுக்காரர் வாடகை ஏற்றியது, ராத்திரி தூக்கம் வராதது. ஒருவேளை என்னைப் பற்றியும் ஏதாவது.

சரி. போதும்.

நவம்பர் 17, வெள்ளி

முதல் வெள்ளி இல்லை. அறிவிக்காமல் வந்து நின்றார். நான் குழாயும் கையுமாக இருந்தேன். ஃபர்ஹானா தானாகவே பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

"ரெண்டு வாரமா யோசிச்சேன் மேடம். மொதல்ல, உள்ளயே இருக்கட்டும், பத்திரமா இருப்பான்னுதான் தோணுச்சு."

"சரி மாஸ்டர். அப்படியே விட்டுடறேன்."

"முழுசாக் கேளுங்க. அவ கையெழுத்துப் போட்டப்ப நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அப்பல்லாம் நோவு முத்தி அவளுக்குப் பேச்சு கெடையாது. சிலேட்டுல எழுதிக் காட்டுவா. எதுக்குடி இதெல்லாம்னு கேட்டேன். 'நாலு பேருக்கு ஆகட்டும்'னு எழுதினா. நான் யாரு மறிக்கறதுக்கு?" மூச்சை இழுத்துக்கொண்டார். "எழுப்புங்க. பொழைச்சா பொழைக்கட்டும். நான் வெளிய உக்காந்திருப்பேன். அது ஒண்ணுதான் கேக்குறேன்."

தலையை ஆட்டினேன்.

போகும்போது திரும்பி, "அப்புறம், அந்தாளுக்குப் போன ஞாயிறு பூசை வச்சேன்" என்றார். "சாமியார் பேரு கேட்டாரு. தெரியாதுன்னேன். யாருப்பா அதுன்னாரு. தூரத்துச் சொந்தம்னு சொல்லிட்டேன்."

நவம்பர் 20, திங்கள்

எழுப்பினோம்.

தொட்டியின் மூடியைத் திறந்ததும் வெண்புகை தரையில் இறங்கித் தவழ்ந்தது. ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்கும்போது ஏதோ ஒரு காலைக்குள் நடந்து போவது போலிருக்கும். குப்பியை இடுக்கியால் எடுத்தேன். வெந்நீர்த் தொட்டிக்குக் கொண்டுபோகும் வழியில் கண்ணாடிக் கதவு வழியாக மாஸ்டரைப் பார்த்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பிலோமினாவோடு கல்யாணத்துக்குப் போக வாசலில் நின்றபோதும் இப்படித்தான் போட்டிருப்பார்.

நான் உள்ளே போகுமுன் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். "தூக்கத்துல எழுப்பினா அவளுக்குக் கோவம் வரும் மேடம். பாத்து."

வெந்நீரில் குப்பியை மெதுவாக ஆட்டினேன். உள்ளே உறைந்திருந்தது விளிம்பிலிருந்து கரைந்து, நடுவில் ஒரு அரிசியளவு பனி மட்டும் மிதந்தது. அதுவும் கரைவதற்குள் எடுத்துக் குடுவையில் விட்டோம். ஃபர்ஹானா 'பிஸ்மில்லா' என்றாள். நான் சாமி கும்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. கையில் குழாய் இருந்ததால் கும்பிட முடியவில்லை, மனசுக்குள் யாரையோ கூப்பிட்டேன்.

வெளியே போய், "ஆச்சு மாஸ்டர். இனிமே காத்திருக்கணும்" என்றேன்.

"அது எனக்குப் பழக்கம்தான்" என்றார்.

நவம்பர் 22, புதன்

எல்லாம் மிதக்கின்றன. உயிருள்ள செல் குடுவையின் அடியில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றும் ஒட்டவில்லை.

நவம்பர் 24, வெள்ளி

மிதந்தவற்றில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தோம். அவசரம் என்று ஃபர்ஹானா அங்கே யாரையோ அக்கா அக்கா என்று கெஞ்சி உடனே பார்க்க வைத்தாள். இரண்டு எக்ஸ். ரத்தத்தோடு எல்லா இடத்திலும் பொருந்துகிறது. பிலோமினாவேதான்.

ஃபர்ஹானா கத்திய கத்தலில் பக்கத்து ஆய்வகத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் சிரித்து முடித்த பிறகு இருவரும் குடுவையைப் பார்த்தோம். எல்லாம் இன்னும் மிதக்கின்றன. யார் என்று தெரிந்துவிட்டது. உயிரோடு இருக்கிறாரா என்பது தெரியவில்லை.

நவம்பர் 27, திங்கள்

இந்நேரம் ஒட்டாதவற்றை வீசிவிட வேண்டும் என்பது விதி. மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த விதி. நீலமேகம் சார் வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "மங்கையர்க்கரசி" என்று முழுசாக ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீசவில்லை. திரவத்தில் பாதியை மட்டும் மாற்றினேன்.

டிசம்பர் 1, வெள்ளி

காலையில் மழைத்தூறல். ஆய்வகத்துக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் குடுவையை எடுத்தேன். ஒன்றுமில்லை. நகர்த்தினேன். ஒன்றுமில்லை. மாஸ்டர் பூசை முடிந்து வந்துகொண்டிருப்பார். அவரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே, சும்மா குடுவையின் மூலைப் பக்கம் திருப்பினேன்.

மூலையில் ஒரு சின்னத் திட்டு. தரையில் ஒட்டி, பக்கவாட்டில் காலை நீட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று தோள் உரச, ஏழெட்டு செல்கள். ஃபர்ஹானாவைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். இருவரும் அழுதோம். குறிப்பேட்டில் அவள் எழுதியது, "ஒட்டுதல் காணப்பட்டது."

அந்த மூன்று வருஷம் திரும்ப வராது. அந்த மரபணு இவரிடம் இருக்கிறதா என்று முதலிலிருந்து பார்க்க வேண்டும். எல்லாம் முதலிலிருந்து. அதில் எனக்குத் துக்கமே இல்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் இருக்கிறது.

மாஸ்டர் வந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். கண்ணை வைத்தார். எடுக்கவே இல்லை. அவர் காதுக்குப் பின்னால் மழைத்துளி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

"கம்மியா இருக்காங்களே மேடம்."

"ஆமா."

"அசையவே இல்லையே."

"ரொம்ப மெதுவு மாஸ்டர். பெருகினாலும் மெதுவாத்தான் பெருகும். இப்பவே சொல்ல முடியாது."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் சிரிப்புதான்.

"இவதான் மேடம்" என்றார். "இதான் பிலோ. எங்க போனாலும் இப்படித்தான்."

ஃபர்ஹானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் குடுவையிடம் இன்றைக்கு எதுவும் பேசவில்லை. எழுந்து, கால் உறையை மடித்துப் போட்டுவிட்டு, "எவ்ளோ நாளாகும்?" என்று கேட்டார்.

"தெரியல. மாசக்கணக்காக்கூட ஆகலாம்."

"கெளம்பட்டும். அவசரமில்ல. நான் வெளிய இருக்கேன்."

வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தூறல் நின்று வெயில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி வருமா என்று கேட்கத்தான் நான் வெளியே போனேன். கேட்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நானும் உட்கார்ந்தேன்.